லண்டன் மியூசியங்களைக் காசில்லாமல் பார்ப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு, வேலை, குடும்ப விசா, அகதி விண்ணப்பம் என்று ஏதோ ஒரு வழியில் லண்டனுக்கு வந்து குடியிருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வந்து பல வருடம் ஆகியும் வீடு, வேலை, கோயில், தமிழ்க் கடை, மறுபடி வீடு என்றே ஓடிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். மியூசியம் பக்கம் போனீர்களா என்று கேட்டால், அதெல்லாம் டூரிஸ்டுகளுக்கு, டிக்கெட் விலை நமக்குத் தாங்காது என்பார்கள். டிக்கெட்டே கிடையாது என்று சொன்னால் அடுத்து வருகிற கேள்விகள்தான் கீழே இருப்பவை.

உண்மையிலேயே இலவசமா, உள்ளே போனபின் எங்கேயாவது பிடுங்கிவிடுவார்களா?

உண்மையிலேயே இலவசம். பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம், சயின்ஸ் மியூசியம், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (எல்லோரும் வி அண்ட் ஏ என்றுதான் சொல்கிறார்கள்), நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், டேட் பிரிட்டன், இம்பீரியல் வார் மியூசியம் என்று பெரிய பெயர்கள் எல்லாவற்றிலும் நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காசு கேட்பது சிறப்புக் கண்காட்சிகளுக்கு, அதாவது சில மாதங்களுக்கு மட்டும் நடக்கிற, டியூப் ஸ்டேஷன் சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டியிருக்கும் கண்காட்சிகளுக்கு. அது தலைக்கு இருபது பவுண்டை ஒட்டி வரும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் மியூசியத்துக்கே டிக்கெட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்டணக் கண்காட்சிக்குத் தனி வாசல், தனி ஆள் இருப்பார்கள். தெரியாமல் உள்ளே போய் மாட்டிக்கொள்ள வழியே இல்லை.

நான் இந்த நாட்டுக் குடிமகன் இல்லை, எனக்கும் இலவசம்தானா? விசாவில் பொது நிதி பெறக்கூடாது என்று போட்டிருக்கிறதே?

வாசலில் யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை, விசா கேட்பதில்லை, முகவரி கேட்பதில்லை. பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். மாணவர் விசா, வேலை விசா, ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்த மாமனார், முடிவுக்காகக் காத்திருக்கும் அகதி விண்ணப்பதாரர், எல்லோருக்கும் ஒரே வாசல்.

பொது நிதி பற்றிய பயத்தை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். விசாவில் சொல்லும் பொது நிதி என்பது யூனிவர்சல் கிரெடிட், சைல்ட் பெனிஃபிட், கவுன்சில் வீடு மாதிரியான, சட்டத்தில் பெயர் சொல்லிப் பட்டியலிட்ட உதவிகள். மியூசியம் அந்தப் பட்டியலில் இல்லை. பூங்காவில் நடப்பதற்கும் இதற்கும் சட்டப்படி வித்தியாசம் கிடையாது. நீங்கள் மியூசியத்துக்குப் போனது பின்னாளில் ஐஎல்ஆர் (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பத்தில் வந்து நிற்காது.

சும்மா எதற்குக் காட்டுகிறார்கள், யார் காசு?

வரிப்பணம். பிரிட்டிஷ் மியூசியம் 1753இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்டு, 1759இல் திறந்ததிலிருந்தே பொதுவாக இலவசம்தான். நடுவில் 1974இல் சில மாதம் கட்டணம் வாங்கிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். 1980களில் தெற்கு கென்சிங்டன் மியூசியங்கள் (இயற்கை வரலாறு, சயின்ஸ், வி அண்ட் ஏ மூன்றும்) காசு வாங்க ஆரம்பித்தன, கூட்டம் குறைந்தது. 2001 டிசம்பர் 1 முதல் அரசு நிதி பெறும் தேசிய மியூசியங்கள் எல்லாவற்றையும் மறுபடி இலவசமாக்கினார்கள். வெளிநாட்டுப் பயணிகளிடம் மட்டுமாவது வாங்கலாமே என்ற பேச்சு அவ்வப்போது எழும். அப்படி ஒரு நாள் வந்தாலும் இங்கே குடியிருப்பவர்கள் கூச்சப்பட ஒன்றும் இல்லை. சம்பளத்தில் வருமான வரி, வாங்குகிற பொருளில் 20 சதவீத வாட், வாடகை வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ், ஒவ்வொரு விசாவுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டணம் என்று கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்?

வாசலில் நன்கொடைப் பெட்டி வைத்துக்கொண்டு பார்க்கிறார்களே, போடாவிட்டால் தப்பா?

தப்பில்லை. ஐந்து பவுண்ட் போடுங்கள் என்று எழுதி, கார்டைத் தட்டும் மெஷினும் வைத்திருப்பார்கள், சில இடங்களில் சிரித்த முகத்துடன் ஒருவர் நின்று கேட்கவும் செய்வார். சிரித்துவிட்டு நேரே நடக்கலாம். ஆன்லைனில் பதிவு செய்யும்போதும் நடுவில் நன்கொடைப் பக்கம் ஒன்று வரும், அங்கே தொகையைப் பூஜ்யமாக்கிவிட்டு அடுத்த பக்கம் போகலாம். கையில் இருக்கும் நாளில் போடுங்கள். போடுகிறவர் பிரிட்டனில் வருமான வரி கட்டுபவராக இருந்தால் கிஃப்ட் எய்ட் என்ற கட்டத்தில் டிக் செய்தால், நீங்கள் போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கும்.

முன்பதிவு வேண்டுமா?

கட்டாயம் இல்லை, ஆனால் சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் என்றால் செய்துவிடுங்கள். இயற்கை வரலாற்று மியூசியம், சயின்ஸ் மியூசியம், பிரிட்டிஷ் மியூசியம் மூன்றும் நேரம் குறித்த இலவச டிக்கெட் தருகின்றன. பெயரும் மின்னஞ்சலும் போதும். மழை நாளில் குழந்தையோடு வெளியே வரிசையில் நிற்கிற கொடுமையை இது குறைக்கும். ஒரு எச்சரிக்கை: தேடினால் முதலில் வருவது காசு வாங்கி டிக்கெட் விற்கும் சுற்றுலா நிறுவனங்களின் விளம்பரமாக இருக்கும். இலவச டிக்கெட்டுக்குக் கார்டு நம்பர் கேட்டால் தப்பான பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்; மியூசியத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள்.

அப்புறம், விமான நிலையத்திலிருந்து நேரே சூட்கேஸோடு போகாதீர்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் சக்கரம் வைத்த பெட்டியை உள்ளேயே விட மாட்டார்கள்.

பயணச் செலவுதான் பெரிதாக இருக்கிறது, அதற்கு என்ன வழி?

உண்மை. நுழைவு இலவசம் என்றாலும் நான்கு பேர் குடும்பம் டியூபில் போய் வந்தால் காசு தெரியும். ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம், 11 வயதுக்குக் கீழான பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் டியூப், ஓவர்கிரவுண்ட், எலிசபெத் லைன் எல்லாவற்றிலும் இலவசம், ஒரு பெரியவருக்கு நான்கு பிள்ளைகள் வரை. 11 முதல் 15 வயது வரை ஸிப் ஆய்ஸ்டர் கார்டு (பிள்ளைகளுக்கான பயண அட்டை) எடுத்துவிட்டால் பஸ் இலவசம், டியூபில் சிறுவர் கட்டணம். மாணவர்கள் 16–25 ரயில்கார்டை ஆய்ஸ்டரோடு இணைக்கச் சொல்லி ஸ்டேஷன் ஊழியரிடம் கேளுங்கள், நெரிசல் இல்லாத நேரக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், சனி ஞாயிறு முழுக்க அந்த நேரம்தான். ரயில்கார்டு வைத்திருந்தும் இணைக்காமலே ஓட்டுபவர்கள் ஏராளம். நேரம் இருந்தால் பஸ்: ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் பஸ் எத்தனை ஆனாலும் ஒரே கட்டணம்.

நம்மவர்கள் இருக்கும் பகுதிகளிலிருந்து வழியும் சுலபம்தான். ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்டிரிக்ட் லைனில் ஏறினால் மாறாமல் தெற்கு கென்சிங்டன், அங்கே மூன்று பெரிய மியூசியங்கள், ஸ்டேஷனிலிருந்து சுரங்க நடைபாதை வழியே நனையாமல் வாசல் வரை போகலாம். சவுத் ஹாரோ, ரேய்னர்ஸ் லேன் பக்கம் இருப்பவர்களுக்குப் பிக்காடில்லி லைன் அதே ஸ்டேஷனுக்கு நேர். இல்ஃபோர்டும் சவுத்ஹாலும் எலிசபெத் லைனில் டோட்டனம் கோர்ட் ரோடு, அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியம் பத்து நிமிட நடை. வார இறுதியில் தண்டவாள வேலை என்று ஏதாவது ஒரு லைனை மூடிவைப்பார்கள், அதை மட்டும் முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் நம் ஊர்ப் பொருள்கள் எங்கே இருக்கின்றன?

முன்வாசல் வழியாகப் போய் எகிப்துக் கூடத்து நெரிசலில் சிக்கிக்கொள்ளாமல், பின்பக்கம் மான்டேகு பிளேஸ் வாசலில் நுழையுங்கள், வரிசை பெரும்பாலும் சின்னது. 33ஆம் எண் கூடம் அந்தப் பக்கம்தான். நீளமான கூடம், ஒரு முனையில் சீனா, மறுமுனையில் தெற்காசியா. சோழர் காலத்து வெண்கல நடராசர் அங்கே நிற்கிறார். கோயிலில் அலங்காரத்துக்கும் திரைக்கும் நடுவே தூரத்திலிருந்து கும்பிட்டுப் பழகிய கண்ணுக்கு, பட்டும் மாலையும் இல்லாமல், சுற்றிவந்து முதுகுப்பக்கம் சடை விரிந்திருப்பதையும் பார்க்க முடிவது வேறு அனுபவம். சிலருக்கு அது சங்கடமாகவும் இருக்கிறது, இரண்டும் நியாயம்தான்.

அதே கூடத்தில் இலங்கையிலிருந்து போன, பௌத்தர்கள் வணங்கும் தாரா தேவியின் சிலையைத் தவற விடாதீர்கள். எட்டாம் நூற்றாண்டு, வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது, கிட்டத்தட்ட ஆள் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிழக்குக் கரையில் கிடைத்தது என்று பதிவு. இலங்கையில் கவர்னராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் 1830இல் மியூசியத்துக்குக் கொடுத்தார். இடுப்புக்கு மேலே உடை இல்லாத சிலை என்பதால் அந்தக் காலத்து லண்டன்காரர்களுக்குக் காட்டத் துணியாமல் பல வருடம் உள்ளேயே பூட்டிவைத்திருந்தார்களாம்.

பக்கத்திலேயே 33அ எண்ணில் அமராவதிச் சிற்பங்கள். சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போனவர்களுக்கு இவற்றைப் பார்த்ததும் எங்கோ பார்த்த முகமாகத் தோன்றும், காரணம் இரண்டும் ஒரே தூபியின் துண்டுகள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த அந்தப் பௌத்த தூபியை 1845இல் வால்டர் எலியட் தோண்டி, கற்களை மெட்ராஸுக்கு அனுப்பினார்; அங்கே வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த பிறகு, ஒரு பகுதி 1859இல் கப்பலேறி லண்டன் போனது. பின்னால் தோண்டியெடுத்தவற்றில் பெரும்பங்கு எழும்பூரிலேயே தங்கிவிட்டது. இரண்டையும் பார்த்தவர்கள் நம் ஆட்களில் நிறைய இருப்பார்கள், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தவர்கள்தான் குறைவு. சில நாள்களில் ஆள் போதாமல் ஒரு கூடத்தை மூடிவைப்பது உண்டு, அதனால் அதற்காகவே போகிறவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் நடந்தால் ரசல் ஸ்கொயர் பக்கத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் கல்லூரி. அதன் வளாகத்தில் திருவள்ளுவர் சிலை 1996 முதல் உட்கார்ந்திருக்கிறது. டிக்கெட், வரிசை, பை சோதனை ஒன்றும் கிடையாது. அதே கல்லூரியின் புருனை கேலரியிலும் ஆசிய, ஆப்பிரிக்கக் கண்காட்சிகள் இலவசமாக நடக்கும்.

எல்லாம் நம்மிடமிருந்து எடுத்துப் போனவைதானே, போய்ப் பார்ப்பது சரியா?

கோபம் நியாயமானது. எல்லாம் திருட்டு என்றும் சொல்ல முடியாது, விலைக்கு வாங்கியது, அன்பளிப்பாக வந்தது, போரில் அள்ளியது, யாரும் கேட்க ஆளில்லாத காலத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு. என் கருத்து, பார்க்காமல் கோபப்படுவதைவிடப் பார்த்துவிட்டுக் கோபப்படலாம். பொருளின் பக்கத்து அட்டையில் கடைசி வரியைப் படியுங்கள், யார் கொடுத்தார், எந்த வருடம் என்று இருக்கும், முழுக் கதையும் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் இதே ஊரில் உண்டு. தஞ்சைப் பகுதியில் பத்தூர் கோயில் இடிபாட்டில் 1976இல் ஒரு தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது கிடைத்த நடராசர், கைமாறிக் கைமாறி லண்டனுக்கு வந்து ஒரு கனடிய நிறுவனத்திடம் விலைபோனார். பிரிட்டிஷ் மியூசியத்தில் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் பறிமுதல் செய்தது. வழக்கில் இந்திய அரசு, தமிழ்நாடு அரசோடு கோயிலும் அங்கிருந்த சிவலிங்கமுமே வாதிகளாக நின்றன. இங்கிலாந்து நீதிமன்றம் கோயிலின் உரிமையை ஏற்றது, 1991இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார்.

ஒரே நாளில் எத்தனை மியூசியம் பார்க்கலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. ஊரிலிருந்து பத்து நாள் வருகிறவர்கள் ஒரே நாளில் மூன்று பார்க்க வேண்டியிருக்கும், சரி. இங்கேயே குடியிருக்கும் உங்களுக்கு என்ன அவசரம்? பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் பார்வைக்கு வைத்திருப்பது சுமார் 80,000 பொருள்கள், யாரும் முடித்ததில்லை, முடிக்கவும் வேண்டாம். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தால்தான் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற கணக்கு வரும், கால் வீங்க நடப்போம், பிள்ளை அழும், இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று வீடு திரும்புவோம். இலவசம் என்றால் ஒரு மணி நேரம் போதும். ஒரு கூடம், பிடித்தால் அரைக் கூடம். போர் அடித்தால் பாதியில் எழுந்து வரலாம், அடுத்த மாதம் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

உதாரணத்துக்கு டிரஃபால்கர் ஸ்கொயரில் இருக்கும் நேஷனல் கேலரி. அங்கே ஹோல்பைன் 1533இல் வரைந்த தூதர்கள் என்ற பெரிய ஓவியத்தில் இரண்டு கனவான்கள் நிற்பார்கள், அவர்கள் காலடியில் சாய்வாக இழுத்துவிட்ட மாதிரி ஏதோ ஒன்று புரியாத வடிவத்தில் இருக்கும். நேரே நின்றால் ஒன்றும் தெரியாது. ஓவியத்தின் வலது ஓரத்துக்குப் போய்ச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள், மண்டையோடு. அந்த ஒரே படத்துக்காகக் கூட உள்ளே போய்விட்டு வரலாம். சேரிங் கிராஸில் ரயிலுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றால் அதுவே போதுமான நேரம். மழைக்கு ஒதுங்க, கழிப்பறைக்குப் போக, குளிரில் கொஞ்ச நேரம் உட்கார என்று நுழைந்து பழகியவர்கள்தான் பிறகு மியூசியத்தை நன்றாகப் பார்க்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வேலை முடிந்து போனால் மூடியிருக்குமே?

பொதுவாக ஐந்தரை ஆறு மணிக்குள் மூடிவிடுவார்கள், ஆனால் வெள்ளிக்கிழமை வேறு கதை. பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8:30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, வி அண்ட் ஏ 10 வரை. வெள்ளி மாலை பள்ளிக்கூடக் கூட்டம் இருக்காது. என்னைக் கேட்டால் வாரத்தில் மியூசியம் போக இதைவிட நல்ல நேரம் இல்லை. யூஸ்டன் ரோட்டில் மருத்துவமும் மனித உடலும் பற்றிய வெல்கம் கலெக்ஷன் வியாழன் இரவு 8 வரை, அதுவும் இலவசம்.

பிள்ளைகளுக்கு எது நல்லது?

எல்லோரும் இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு டைனோசர் பார்க்கத்தான் ஓடுகிறார்கள், அங்கே விடுமுறை நாளில் டைனோசரைவிட ஸ்ட்ரோலர்தான் அதிகம் தெரியும். வார நாளில் போக முடிந்தால் போங்கள். சயின்ஸ் மியூசியத்தில் வொண்டர்லேப், ஐமேக்ஸ், சிமுலேட்டர் மூன்றுக்கும் காசு. பிள்ளை அந்த வாசலைப் பார்க்கும் முன் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், பார்த்த பின் பேச்சுவார்த்தை கஷ்டம்.

சின்னப் பிள்ளைகளுக்கு என் முதல் சிபாரிசு பெத்னல் கிரீனில் இருக்கும் யங் வி அண்ட் ஏ. 2023இல் புதுப்பித்துத் திறந்தார்கள், தொடாதே என்று யாரும் கத்தாத இடம். ஓட இடம் வேண்டும் என்றால் கொலின்டேல் அருகே ராயல் ஏர் ஃபோர்ஸ் மியூசியம், பெரிய கொட்டகைகளில் நிஜ விமானங்கள், நுழைவு இலவசம், கார் நிறுத்தக் காசு. ஃபாரஸ்ட் ஹில் பக்கம் ஹார்னிமன் மியூசியம், தோட்டமும் உண்டு (மீன் காட்சியகத்துக்கு டிக்கெட்). பள்ளி விடுமுறையில் வார நாள் கிடைத்தால் பேங்க் ஸ்டேஷன் அருகே பேங்க் ஆஃப் இங்கிலாந்து மியூசியம். 13 கிலோ அசல் தங்கக் கட்டியை ஒரு பெட்டிக்குள் கையை விட்டுத் தூக்கிப் பார்க்கலாம். எங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அதைத் திரும்பத் திரும்பத் தூக்குகிறார்கள்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், கூடத்துக்குள் வைத்துச் சாப்பிடக் கூடாது. சயின்ஸ் மியூசியத்திலும் இயற்கை வரலாற்று மியூசியத்திலும் சொந்தச் சாப்பாடு சாப்பிடத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் குடும்பங்கள் ஃபோர்டு சென்டர் என்ற பகுதியில் உட்கார்ந்து சாப்பிடலாம். புளியோதரை நாலு மணி வரை தாங்கும், வாசனைக்கு யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். உள்ளே இருக்கும் கஃபே பக்கம் போனால் நுழைவில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு சாண்ட்விச்சில் போய்விடும்.

ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிப் போனால் நடக்க முடியுமா, இங்கிலீஷ் தெரியாதே?

பெரிய மியூசியங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலியும் இலவசமாகத் தருவார்கள், முன்கூட்டிக் கேட்டு வைப்பது நல்லது. சில இடங்களில் மடக்கு ஸ்டூலும் வைத்திருப்பார்கள், கையில் எடுத்துக்கொண்டு பிடித்த இடத்தில் உட்காரலாம். இங்கிலீஷ் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். அட்டை படித்துச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள், தவிர, வெண்கலம் வார்ப்பதும் நெசவும் மண்பாண்டமும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பேரப் பிள்ளைக்கு அவர்களே விளக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

உள்ளே பூட்டிவைத்திருப்பதையும் பார்க்க முடியுமாமே?

முடியும், இதுதான் லண்டனில் சமீபத்தில் நடந்த நல்ல காரியம். ஸ்ட்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பூங்காவில், ஹாக்னி விக் ஸ்டேஷனுக்குப் பக்கம், 2025 மே 31 அன்று வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் திறந்தார்கள். மியூசியத்தின் கிடங்கையே மக்கள் நடக்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். ஷாஜகான் காலத்து ஆக்ரா பளிங்குத் தூண் வரிசையும் அங்கேதான் நிற்கிறது. கிடங்கில் இருக்கும் பொருள்களில் ஐந்து வரை ஆன்லைனில் தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்னால் நேரம் பதிவு செய்தால், எடுத்து மேசையில் வைத்துக் காட்டுவார்கள். இலவசம். ஆராய்ச்சியாளர் அடையாள அட்டை எதுவும் தேவையில்லை.

நம்மவர்களுக்கு இது ஒரு புதையல். கிழக்கிந்தியக் கம்பெனி சேர்த்த துணிகளில் பெரும்பகுதி கடைசியில் வி அண்ட் ஏவுக்குத்தான் வந்து சேர்ந்தது. தளத்தின் தேடலில் மெட்ராஸ், கோரமண்டல், தஞ்சாவூர், யாழ்ப்பாணம் என்று ஆங்கிலத்தில் பழைய எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள், சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணிகள், சேலை, நகை என்று வரும். எல்லாம் ஸ்டோர்ஹவுஸில் இருக்காது; வரவழைக்கக் கூடியவற்றில் அதற்கான பொத்தான் இருக்கும். நெசவுக் குடும்பத்துப் பெரியவர் யாராவது உங்களோடு தங்கியிருந்தால் அவரைத்தான் முதலில் கூட்டிப் போக வேண்டும். தெற்கு கென்சிங்டன் வி அண்ட் ஏவில் இருக்கும் திப்பு சுல்தானின் மரப்புலி மாதிரியான பொருள்களும் கூடங்கள் புதுப்பிக்கும்போது இடம் மாறும், தளத்தில் பார்வைக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

படம் எடுக்கலாமா?

நிரந்தரக் கூடங்களில் பெரும்பாலும் எடுக்கலாம். ஃபிளாஷ், ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக் கூடாது.

கூட்டம் இல்லாத சின்ன மியூசியங்கள்?

லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸில் சர் ஜான் சோன் மியூசியம், ஒரு கட்டிடக் கலைஞரின் வீடு. அவர் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள், அடித்தளத்தில் எகிப்து அரசன் ஒருவனின் கல் சவப்பெட்டி. திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். ஆக்ஸ்போர்டு ஸ்ட்ரீட்டில் துணி எடுக்கப் போகிறவர்கள் பின்பக்கம் மான்செஸ்டர் ஸ்கொயரில் வாலஸ் கலெக்ஷனுக்குள் ஒதுங்கலாம். செயின்ட் பேங்க்ரஸ் பக்கம் பிரிட்டிஷ் லைப்ரரியின் பொக்கிஷக் கூடம், மாக்னா கார்ட்டா என்ற பழைய அரச சாசனமும் பீட்டில்ஸ் இசைக் குழு கையால் எழுதிய பாட்டு வரிகளும் அங்கே. கில்ட்ஹால் ஆர்ட் கேலரியின் அடியில் ரோமானியர் கட்டிய அரங்கின் மிச்சம். டாக்லண்ட்ஸில் லண்டன் மியூசியத்தின் கிளை, பழைய சர்க்கரைக் கிடங்கு, அந்தச் சர்க்கரைக்குப் பின்னால் இருந்த அடிமை வியாபாரத்தையும் அங்கேயே சொல்கிறார்கள்.

காசு வாங்கும் இடங்களைக் குறைத்துப் பார்க்க வழி உண்டா?

டவர் ஆஃப் லண்டன், வெஸ்ட்மின்ஸ்டர் அபே, சர்ச்சில் வார் ரூம்ஸ், கிரீனிச் ராயல் அப்சர்வேட்டரி, கட்டி சார்க் கப்பல் எல்லாம் காசுதான். கோஹினூர் வைரம் டவரில் இருப்பதால் அதைப் பார்க்கவும் டிக்கெட், இதற்கு மேல் நான் என்ன சொல்ல. வீட்டில் யூனிவர்சல் கிரெடிட் வாங்குபவர் இருந்தால் டவருக்கும் ஹாம்ப்டன் கோர்ட்டுக்கும் தலைக்கு ஒரு பவுண்ட் டிக்கெட் திட்டம் உண்டு. 16 முதல் 25 வயதுக்காரர்கள் டேட் கலெக்டிவில் சும்மா சேர்ந்தால் டேட்டின் கட்டணக் கண்காட்சிகள் 5 பவுண்ட். டிரான்ஸ்போர்ட் மியூசியத்தில் 18 வயதுக்குக் கீழே இலவசம், பெரியவர் ஒரு முறை வாங்கும் டிக்கெட் ஒரு வருடம் செல்லும். செப்டம்பரில் ஓப்பன் ஹவுஸ் விழா நாள்களில், மற்ற நாளில் யாரையும் விடாத கட்டிடங்களைக் கூட இலவசமாகத் திறந்து காட்டுவார்கள், சிலவற்றுக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எந்த நாளில் போகக் கூடாது?

டிசம்பர் 24, 25, 26 மூன்று நாளும் பெரும்பாலானவை மூடியிருக்கும். 25ஆம் தேதி டியூபும் பஸ்ஸுமே ஓடாது. அதற்கடுத்த வாரம் முழுக்க ஊரே விடுமுறையில் இருப்பதால் தெற்கு கென்சிங்டன் பக்கம் தலைகாட்டாதீர்கள், ஜனவரியில் பள்ளி திறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போங்கள், டைனோசருக்கும் உங்களுக்கும் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள்.